தோற்றால் அடுத்து என்ன? கம்ப்யூட்டர் துறைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டவை

நான் 2009-இல் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் சேரும் தேதி வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒருத்தி. அதற்குப் பிறகு எப்படியோ உள்ளே வந்துவிட்டேன். இப்போது கல்லூரி ஜூனியர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள், கூட வேலை செய்யும் புதியவர்கள் என்று யாராவது ஒருவர் மாதத்துக்கு இரண்டு தடவையாவது போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"அக்கா, ரெண்டு அரியர் இருக்கு. ஐடி வேலை அவ்ளோதானா?"

இல்லை. ஆனால் அது எந்த மாதிரி அரியர் என்று முதலில் பாருங்கள். இன்னும் தேறாமல் நிற்கும் அரியர் வேறு, எழுதித் தேறிவிட்ட பழைய அரியர் வேறு. கேம்பஸுக்கு வரும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் பல, நிற்கும் அரியர் இருந்தால் உள்ளே விடுவதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பவையும் உண்டு. தேறிய அரியரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இடங்கள் நிறைய இருக்கின்றன. அறிவிப்பை முழுசாகப் படிக்காமல் நண்பன் சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

எந்தப் பாடம் என்பதும் முக்கியம். கணக்கில் அரியர் வைத்த நல்ல டெவலப்பர்கள் இருக்கிறார்கள். டேட்டா ஸ்ட்ரக்சரில் அரியர் என்றால் மட்டும் பாஸ் மார்க்குக்காகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். இன்டர்வியூவில் கேட்கப்போவதே அதைத்தான்.

"சி புரோகிராம்ல இருபது எர்ரர் வருது. எனக்குக் கோடிங் மண்டையில ஏறாதோ?"

இருபது எர்ரர் வந்தால் இருபது தப்பு செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. ஒரு வரியில் அரைப்புள்ளியை விட்டாலே கம்பைலர் (நாம் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) குழம்பி, கீழே இருக்கும் நல்ல வரிகளையும் சேர்த்துத் திட்டும். முதல் எர்ரரை மட்டும் படியுங்கள், சரிசெய்யுங்கள், மறுபடி ஓட்டுங்கள். பாதி காணாமல் போயிருக்கும். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் போக எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரைக் கட்டியவர் மாரிஸ் வில்க்ஸ். 1949-இல் ஒருநாள் மாடிப்படியில் போய்க்கொண்டிருந்தபோது, தன் மிச்ச வாழ்நாளில் நல்ல பங்கு தன் புரோகிராமிலேயே தப்புத் தேடுவதில்தான் போகப்போகிறது என்று உறைத்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டரைக் கட்டியவருக்கே அந்தக் கதி. நமக்கு இருபது எர்ரர் வந்தால் என்ன?

"ஏழு இன்டர்வியூல ரிஜெக்ட். என்ன தப்புன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

சொல்லவும் மாட்டார்கள். வம்பு எதற்கு என்று பெரும்பாலான கம்பெனிகள் காரணம் தருவதில்லை. அதனால் காரணத்தை நீங்களேதான் சேகரிக்க வேண்டும், அதற்கு அவகாசம் ஒரு மணி நேரம்தான். வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகள் அத்தனையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் 'சரியா பண்ணல' என்ற வருத்தம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும், கேள்வி மறந்திருக்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தெரியாது, தெரியும் ஆனால் சொல்ல வரவில்லை, என் கையில் இல்லை. ஏழு இன்டர்வியூ தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தானாகத் தெரியும். ஒரு பையன் கொண்டுவந்த தாள்களில் 'தெரியாது' மிகக் குறைவு. எல்லாம் 'சொல்ல வரவில்லை'. அவனோ தினமும் ஆறு மணி நேரம் புதுக் கணக்குகளாகப் போட்டுக்கொண்டிருந்தான்! போட்ட கணக்கையே அம்மாவிடம் உரக்கச் சொல்லிக் காட்டச் சொன்னேன். அம்மாவுக்குப் புரிய வேண்டியதில்லை, இவன் நடுவில் நிற்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ரவுண்டில் விழுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஏழு தடவையும் ஆப்டிட்யூடிலேயே வெளியே வந்திருந்தால் நீங்கள் இன்னும் ஒரு இன்டர்வியூகூடப் போகவில்லை. அது ரயில் கணக்கிலும் சதவீதத்திலும் வேகம் போதாத பிரச்சினை, இரண்டு மாதத்தில் தீரும்.

"வாட்ஸ்அப் ஆரம்பிச்சவரையே ஃபேஸ்புக் ரிஜெக்ட் பண்ணாங்களாமே?"

உண்மைதான். பிரையன் ஆக்டனுக்கு 2009-இல் ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வேலை தரவில்லை. 2014-இல் அதே ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இந்தக் கதையை அனுப்புகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அதற்கு முன்பே அவர் யாகூவில் பத்து ஆண்டுக்கு மேல் எஞ்சினியராக இருந்தவர். ரிஜெக்ட் ஆனது அவரை உருவாக்கவில்லை, அந்தப் பத்து ஆண்டு உருவாக்கியது. இப்படிப்பட்ட கதைகள் ஒரு ராத்திரி தூங்க உதவும். அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

"தமிழ் மீடியம். குரூப் டிஸ்கஷன்ல வாயே திறக்க முடியல."

கூட்டத்தில் முதலாவதாகப் பேசினால்தான் மார்க் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மூன்றாவதாகப் பேசுங்கள், முன்னால் பேசியவர் சொன்னதோடு ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள், அது போதும். எல்லா ஆங்கிலமும் ஒரே நாளில் வராது. உங்கள் புராஜெக்ட் பற்றிய பத்து வாக்கியம் வரும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். மீதிக்கு மேலே சொன்ன அம்மா வைத்தியம்தான், இந்தத் தடவை ஆங்கிலத்தில்.

"ஒரு கன்சல்டன்சி மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றேங்கறாங்க. தோத்துத் தோத்து அலுத்துப் போச்சுக்கா."

வேண்டாம். பிஎஃப் கணக்கு எண்ணை வைத்தே எங்கே எப்போது வேலை பார்த்தீர்கள் என்று சரிபார்க்கிற காலம் இது. சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாட்டினாலும் அன்றே வெளியே அனுப்புவார்கள், அதைத் தேறிய அரியர் மாதிரி அழித்துவிட முடியாது. மாட்டாவிட்டால் இன்னும் கஷ்டம். மூன்று வருடம் தெரிந்தவராக நடிக்க வேண்டும், சந்தேகம் கேட்கவே முடியாது. புதிதாக வந்தவனுக்குத் தப்பு செய்ய இருக்கும் சலுகையைக் காசு கொடுத்து இழக்கிறீர்கள்.

"வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம். புரொடக்‌ஷன்ல ஒரு தப்பு பண்ணிட்டேன், இன்னும் யாருக்கும் தெரியாது. சொல்லணுமா?"

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

சொல்லிவிட்டீர்களா, சரி. 2011-இல் நான் செய்தது இது. ஒரு வாடிக்கையாளரின் பின்கோடைத் திருத்த வேண்டும். நேரே புரொடக்‌ஷன் டேட்டாபேஸில், அதாவது நிஜமான பயன்பாட்டில் இருக்கும் தரவில், அப்டேட் (மாற்றும்) கட்டளை அடித்தேன், யாருக்கு என்று சொல்லும் 'வேர்' பகுதியை விட்டுவிட்டேன். ஏறக்குறைய 40,000 வாடிக்கையாளர்களும் ஒரே நொடியில் 641002-க்குக் குடிபெயர்ந்தார்கள். தமிழ்நாடே கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில். கை சில்லிட்டுப் போனது. யாரும் பார்க்கவில்லை. நானே எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிடம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது, அப்டேட் இல்லை.

டீம் லீடிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்கு அடிச்ச?" மதியம் எடுத்த பேக்கப் இருந்தது. அதைத் தனியாக ஏற்றி, பின்கோடு இருந்த நெடுவரிசையை மட்டும் திரும்ப எடுத்துப் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு மணிக்கு கூரியர் லேபிள் அச்சாகும். நான் சாயங்காலம் வரை மறைத்திருந்தால் பார்சல் எல்லாம் கோயம்புத்தூருக்குக் கிளம்பியிருக்கும்.

இதைவிடப் பெரிதாகவும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு எஞ்சினியர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்தார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் தானாக ஓடவேண்டிய பேக்கப் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. அவர்கள் மீட்கும் வேலையை உலகமே பார்க்கும்படி நேரலையில் செய்தார்கள். மறைக்க நினைத்திருந்தால் பேக்கப் ஓடவில்லை என்ற உண்மையும் சேர்ந்தே மறைந்திருக்கும்.

"சொல்லிட்டேன், 'இனிமே கவனமா இருப்பேன்'னும் சொன்னேன். அது போதாதுங்கறார் மேனேஜர்."

அவர் சொல்வது சரி. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 'கவனமாக இருப்பேன்' என்பது பாடம் இல்லை. நேற்றும் நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள், களைப்பிலோ அவசரத்திலோ தவறியது. உங்கள் மண்டைக்கு வெளியே ஏதாவது மாறியிருந்தால்தான் கற்றுக்கொண்டதாகக் கணக்கு.

பின்கோடு கதைக்குப் பிறகு எங்கள் டீமில் மாறியவை இவை. அப்டேட் அடிக்கும் முன் அதே 'வேர்' பகுதியோடு செலக்ட் (மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் கட்டளை) அடித்து எத்தனை வரி வருகிறது என்று எண்ண வேண்டும். டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து, அதாவது வேண்டாமென்றால் திரும்பப் பெறும்படி, அடிக்க வேண்டும், எண்ணிக்கை ஒத்துவந்தால்தான் கமிட், அதாவது மாற்றத்தை உறுதிசெய்வது. அப்புறம், சேர்ந்து ஓராண்டு ஆகாத என்னைப் போன்றவர்களுக்குப் புரொடக்‌ஷனில் எழுதும் உரிமையே எடுக்கப்பட்டது. முதலில் அவமானமாக இருந்தது, ஒரே வாரத்தில் நிம்மதியாக இருந்தது.

மார்கரெட் ஹாமில்டன் கதையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அப்போலோ விண்கலத்துக்கு எம்ஐடி ஆய்வகத்தில் மென்பொருள் எழுதிய குழுவை நடத்தியவர். ஒருநாள் அவருடைய சின்னப் பெண், பயிற்சி இயந்திரத்தில் விளையாடும்போது, பறந்துகொண்டிருக்கும் நிலையில் கிளம்புவதற்கு முந்தைய புரோகிராமை அழுத்திவிட்டாள். எல்லாம் நின்றுபோனது. இதைத் தடுக்க ஒரு சோதனையைச் சேர்க்கலாம் என்று ஹாமில்டன் கேட்டார். விண்வெளி வீரர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், அப்படியெல்லாம் அழுத்த மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அதாவது, கவனமாக இருப்பார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவிலிருந்து திரும்பும் வழியில் ஜிம் லவல் அதையே அழுத்தினார். கலத்தின் திசைத் தரவு அழிந்துபோய், திரும்பக் கணக்கிட்டு ஏற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் சோதனையைச் சேர்க்க அனுமதி கிடைத்தது.

உங்கள் மேனேஜருக்கு நாளை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எப்படித் தெரியவந்தது, ஏன். 'ஏன்' என்பதற்கு உங்கள் பெயர் பதிலாக வந்தால் இன்னொரு 'ஏன்' கேளுங்கள். பெயர் போய், பொருளோ வழிமுறையோ பதிலாக வரும்வரை கேளுங்கள். எனக்கு மூன்றாவது 'ஏன்'-இல் வந்துவிட்டது: புதிதாகச் சேர்ந்தவளுக்கு ஏன் அந்த உரிமை இருந்தது?

"பெரிய கம்பெனிகளே உலகத்தை நிறுத்துறாங்க. அவங்ககிட்ட டெஸ்டிங் இல்லையா?"

இருக்கிறது, ஓட்டையோடு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த நாள். புரோகிராம் தந்தது 20 மதிப்பு, புதுக் கோப்பு எதிர்பார்த்தது 21. இல்லாத 21-ஆவதைத் தேடிப்போய் நினைவகத்தின் எல்லையைத் தாண்டியது. அதற்கு முன் சோதித்தபோதெல்லாம் 21-ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறி இருந்ததால் தப்பித்திருந்தார்கள்.

நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை இன்னும் பரிதாபம். 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வரில் ஏழுக்குத்தான் புது மென்பொருள் போனது. எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய நிரல் உயிர்பெற்று, பங்குச்சந்தையில் கண்டபடி வாங்கி விற்றது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏற்றியதை இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதியே அங்கே இல்லை. இத்தகைய விபத்து அறிக்கைகளை ஒரு துப்பறியும் கதை மாதிரி படியுங்கள். அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்வதுபோல் மலிவு வேறில்லை.

"எங்க ஆபீஸ்ல தப்பை ஒத்துக்கிட்டா அப்ரைசல்ல அடிக்கறாங்க. நீங்க சொல்றதெல்லாம் புத்தகத்துல நல்லாருக்கும்."

ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. நானும் ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே விபத்துக் கூட்டம் என்றால் யார் என்ற கேள்வியோடு ஆரம்பித்து ஒரு பெயரோடு முடியும். விளைவு, தப்பு குறையவில்லை. எல்லோரும் மின்னஞ்சலில் 'உங்கள் ஒப்புதலின்படி' என்று எழுதக் கற்றுக்கொண்டோம்.

அங்கேயும் பொய் சொல்லாதீர்கள், லாக் கோப்பு (நடந்ததைக் கம்ப்யூட்டரே எழுதிவைக்கும் பதிவு) உங்களைவிட நன்றாகப் பேசும். நடந்ததை நேரத்தோடு, உணர்ச்சி இல்லாமல், அன்றே எழுத்தில் கொடுங்கள், திருத்தவும் ஒரு வழி சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பாடங்களைத் தனி நோட்டில் வையுங்கள், அது அப்ரைசலுக்குப் போகாது. கம்பெனி ரகசியம் எதையும் அதில் எழுதக் கூடாது. ஒரு வருடத்தில் ஒரு கூட்டமாவது பெயர் இல்லாமல் முடிந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ரெஸ்யூமேயைத் தூசி தட்டலாம்.

"லேஆஃப் ஆயிடுச்சு. வீட்ல சொல்லல. தினமும் பேக்கை எடுத்துக்கிட்டு கிளம்பறேன்."

இந்தக் கேள்வியைப் போன வருடம் இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் கண்ணகி நகர் சிக்னலில் பைக்கில் நின்றபடி. முதலில், இதை மற்ற தோல்விகளோடு சேர்க்காதீர்கள். இன்டர்வியூ தாளில் சொன்னேனே 'என் கையில் இல்லை' என்று, இது பெரும்பாலும் அந்தக் கட்டம். ஒரு டீமையே மூடும்போது நன்றாக வேலை செய்தவரும் போகிறார். அதில் பாடம் தேடி உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இஎம்ஐ கட்டும் தேதி வரும், எப்படியும் தெரியப்போகிறது. ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டுகள், பிஎஃப் விவரம் எல்லாம் கைக்கு வந்ததா என்று பாருங்கள். ஐந்து ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டியைக் கேட்டு வாங்குங்கள். தூக்கம் வராமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

"குழந்தைக்காக ரெண்டு வருஷம் விட்டேன். தோத்துட்டு வந்த மாதிரி பாக்கறாங்க."

அவர்கள் பார்க்கட்டும், நீங்கள் அப்படிப் பேசாதீர்கள். 'பிரேக் எடுத்தேன், 2 வருடம், இப்போது தயார்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடந்த மூன்று மாதத்தில் செய்த ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். நான் பதினான்கு மாத இடைவெளிக்குப் பிறகு திரும்பியபோது, தெரிந்த மொழியிலேயே பாதி மாறியிருந்தது. அரண்டுபோனேன், ஆனால் ஆறு வாரத்தில் பிடித்துவிட்டேன்.

"'உங்களோட பெரிய தோல்வி எது?'ன்னு இன்டர்வியூல கேட்டா என்ன சொல்றது?"

'நான் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பேன், அதுதான் என் குறை' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் இப்போது மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறேன், அதைக் கேட்டதும் பேனாவை வைத்துவிடுவேன். உண்மையான ஒரு தப்பு, அதில் உங்கள் கையில் இருந்த பகுதி, அதன்பின் மாற்றிய வேலைமுறை, மூன்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். மேனேஜருக்கு எழுதிய அந்த ஒரு பக்கம் இருந்தால் பதில் ஏற்கெனவே தயார். ஃபிரெஷர் என்றால் நின்றுபோன ஃபைனல் இயர் புராஜெக்டைச் சொல்லலாம். டெமோ நாளில் வைஃபை இல்லாமல் விழித்த கதையைக்கூட நான் ரசித்துக் கேட்டு ஆளை எடுத்திருக்கிறேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு எல்லா டெமோவையும் முன்கூட்டியே வீடியோவாக எடுத்து வைத்திருந்தாள்.

"ஏஐ எழுதிக் கொடுத்த கோடுல தப்பு வந்தா அது யார் தப்பு?"

கமிட்டில், அதாவது நிரலைப் புராஜெக்டில் சேர்த்த பதிவில், யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. ஏரியன் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று கிளம்பி நாற்பது நொடிக்குள் சிதறியது. காரணமான நிரல் ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்தது. அங்கே அது ஒழுங்காகவே ஓடியது. புது ராக்கெட்டின் வேகம் அதிகம், ஒரு பெரிய எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. தான் எழுதாத, ஆனால் நன்றாக ஓடிய நிரலை நம்பி எடுத்து வைப்பது புதிய பழக்கம் இல்லை. உங்களால் வரிக்கு வரி விளக்க முடியாததைப் புராஜெக்டில் சேர்க்காதீர்கள்.

"அதே தப்பை மூணாவது தடவை பண்றேன். இந்த ஃபீல்டே எனக்கு இல்லைன்னு எப்போ முடிவு பண்றது?"

நோட்டை எடுத்துப் பாருங்கள். தப்புகள் புதிது புதிதாக வந்தால் நீங்கள் நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரே தப்பு அதே இடத்தில் வந்தால், முதல் இரண்டு தடவையும் பாடம் என்று என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அநேகமாக 'கவனமாக இருப்பேன்' என்ற அந்த வாக்கியம்தான் இருக்கும்.

எல்லாம் மாற்றிப் பார்த்தும், ஒரு வருடம் ஆகியும், காலையில் எழுந்தால் வயிற்றைப் பிசைகிறது என்றால் அப்போது யோசிக்கலாம். டெவலப்மென்ட் மட்டும்தான் ஐடி என்று யார் சொன்னது? டெஸ்டிங், டேட்டாபேஸ் நிர்வாகம், நெட்வொர்க், சப்போர்ட் எல்லாம் இருக்கின்றன. கோடிங்கில் மூன்று வருடம் திணறிய என் தோழி சப்போர்ட்டுக்குப் போனாள். இப்போது எங்கள் சிஸ்டம் விழுந்தால் நான் முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

மூன்றாவது தடவை என்று வருத்தப்படுகிறீர்கள். நான் டைம் ஸோனில் நான்கு தடவை விழுந்தவள். சர்வர் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குள் வரும் விற்பனை எல்லாம் ரிப்போர்ட்டில் முந்தைய நாளில் போய் உட்காரும். மூன்று தடவையும் 'பார்த்துச் செய்யணும்' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். போன மாதம் நான்காவது தடவைக்குப் பிறகுதான், விடியற்காலை இரண்டு மணிக்கு விற்ற ஒரு பொய்ப் பில்லை வைத்து ஒரு டெஸ்ட் எழுதினேன். அது தினமும் ஓடுகிறது.